கேள்வி உங்களுக்குத்தான்

உட்காருங்கள் தங்கச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு நேர் மேலேதான் ஏர்கோன். போன தடவை நான் அதில்தான் உட்கார்ந்தேன். உள்ளே போகும்போது பல்லெல்லாம் தந்தியடித்தது. பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பசியாறியாச்சா? நான் ஒரு மைலோ குடித்தேன்.

என் பெயர் குணாளன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நான் பேசுவது வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறதா? வீட்டிலும் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளி, பிறகு நேரே கோர்ட். லாயர் மலாயில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன், சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்வேன். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை, நாக்கு இப்படிப் பழகிவிட்டது.

நீங்கள் எங்கே? டயாலிசிஸ் மையமா. அப்படியானால் உங்களுக்கு நோயாளிப் பராமரிப்புப் பாடமாக இருக்கும். உங்கள் அறை அந்த மூன்றாவது கதவு. என் அறை இது. இரண்டுக்கும் ஒரே பெண்தான் வந்து கூப்பிடும், ஃபாரா என்று பெயர், நல்ல பிள்ளை. கேட்டால் பதில் சொல்லும்.

முதல் தடவையா? பயப்படாதீர்கள். வேலையில் கற்றதைப் பரீட்சையில் காட்டிவிட்டால் போதும், வகுப்பில் உட்காராமலே அந்தப் பாடத்தின் கிரெடிட் நம் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். நம்மைப் போல வயது போன பிறகு படிக்க வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. முதலில் எழுத்து, பிறகு இந்த வாய்மொழித் தேர்வு. வாய்மொழியில் விழுந்தால் ஒரே ஒரு தடவை திரும்ப வரலாம்.

ஆமாம். நான் திரும்ப வந்திருக்கிறேன்.

வேறு பாடத்தில் இல்லை, தங்கச்சி. மொழிபெயர்ப்பில். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கோர்ட் கேன்டீனில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். ரொட்டி சானாய் போடுகிற மாணிக்கம், ரொட்டிக் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான்: "அண்ணே, மீனு நீச்சல்ல பெயிலாயிருச்சாமே, மெய்யாவா?" என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தினேஷ். நான் பழக்கிவிட்ட பையன். பட்டம் வைத்திருக்கிறான், அதனால் எனக்கு மேலே போய்விட்டான். "விடுங்கண்ணே, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்கிறான். மாணிக்கத்தின் சிரிப்பைவிட அதுதான் சுட்டது.

இந்த ஒரு பாடம் சேர்ந்தால் வருடக் கடைசியில் எனக்குப் பட்டம். ஜனவரியில் மூத்த மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகம் இருக்கிறது, நானும் போகலாம். இன்று விழுந்தால் ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் வகுப்பு, அதற்குள் அந்த வேலையும் போய்விடும். வகுப்பில் மொழிபெயர்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தருவார்களாம். எனக்கு.

ஒரு நிமிஷம், போன் நடுங்குகிறது. என் மகள்தான். உள்ளே கூப்பிடுகிற நேரம், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கே விட்டேன்? போன தடவை நடந்தது. நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் டாக்டர் ரோஸ்னா, அவர்தான் தலைவர், மலாயில் பேசுவார். வலது பக்கம் டாக்டர் இளங்குமரன், தமிழ் விரிவுரையாளர். இடது பக்கம் இருந்தவர் குனிந்து குறித்துக்கொண்டே இருந்தார். ஒரு சாட்சி சொன்ன வாக்கியத்தைத் தமிழில் கொடுத்தார்கள். 'அவரு என்னய ஒரு மாதிரி பாத்தாரு.' அதற்கு மூன்று மலாய் மொழிபெயர்ப்புகள். டாக்டர் ரோஸ்னா என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், இவற்றில் எது சரி, உங்கள் கருத்து என்ன?

நான் உடனே டாக்டர் இளங்குமரன் பக்கம் திரும்பி, "இம்மூன்று மொழிபெயர்ப்புகளில் எது சரியானது, தங்கள் கருத்து என்ன என்று வினவுகிறார்" என்றேன். சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மலாய், ஒருவர் தமிழ். நடுவில் நான் நிற்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி நின்ற இடத்திலெல்லாம் நான் செய்தது அதுதானே?

டாக்டர் இளங்குமரன் சிரித்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. "சார், கேள்வி உங்களுக்குத்தான்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை அப்படியே மலாயில் டாக்டர் ரோஸ்னாவிடம் சொன்னேன்.

இடது பக்கத்துக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. டாக்டர் ரோஸ்னா நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்து மறுபடி மரியாதையாகக் கேட்டார். "என்சிக் குணாளன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" நானும் மரியாதையாகவே சொன்னேன், "மொழிபெயர்ப்பாளர் நினைக்கக்கூடாது, புவான்." உண்மையைத்தானே சொன்னேன்? என்னை வேலைக்குப் பழக்கிய பெரியவர் முதல் நாள் சொன்னதே அதுதான். கூட்டாதே, குறைக்காதே, நினைக்காதே. சாட்சி திட்டினால் நீயும் திட்டு. சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். 'அவர் வெட்டியதாகச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான் வெட்டினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் என் மாமனார் ஒரு நாள் மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்கலாம் என்று கோர்ட்டுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று உரத்த குரலில், "ஆமாம், நான்தான் வெட்டினேன், இன்னொரு தடவை வந்தாலும் வெட்டுவேன்" என்கிறேன். மனிதர் சட்டென்று எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

பாருங்கள், நீங்களும் சிரித்துவிட்டீர்கள். சிரித்தால் நல்லது, உள்ளே போகும்போது கொஞ்சம் லேசாக இருக்கும்.

முடிவு வந்ததும் ஃபாராவுக்குப் போன் போட்டேன், ஏன் விழுந்தேன் என்று கேட்டேன். குழு எழுதியதை அது படித்துக் காட்டியது. 'கேள்விகளை மிகத் துல்லியமாக மொழிபெயர்த்தார். பதிலளிக்கவில்லை.' கவனித்தீர்களா? மிகத் துல்லியமாக. அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்புறம் எதற்கு விழவைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் வேலையில் குறை சொன்னவர்கள் கிடையாது. ஒரு மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போகும்போது, விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "குணாளன் இருப்பதே தெரியாது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் அதற்கு மேல் ஒரு பாராட்டு உண்டா? என் மனைவி பத்மாவும் அதேதான் சொல்வாள். போன மாதம்கூட, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "இந்த வீட்ல நீங்க இருக்கறதே தெரியல." இருவரும் ஒரே வார்த்தை, பாருங்கள்.

அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்? நல்ல அர்த்தத்தில்தான். அப்போது அவள் கொஞ்சம் கோபமாக இருந்தாள், அது வேறு விஷயம். மகளைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது.

போன் மறுபடியும் நடுங்குகிறது. இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குத்தானா அவசரம்.

யுகேஸ்வரி என்று பெயர். நாங்கள் யுகா என்போம். கப்பல் பொறியியல் படித்தாள். ஆமாம், பெண்பிள்ளைதான். எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருவாள், பத்மா வாசலிலேயே நிறுத்தி, "கைய கழுவிட்டு உள்ள வா" என்று கத்துவாள். இப்போது ஒரு சரக்குக் கப்பலில் கேடட் வேலை கிடைத்திருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் ஏறினால் அப்படியே ஐரோப்பா. மாதக்கணக்கில் கடலில். வருகிறேன், வரவில்லை என்று இன்று மதியத்துக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

பத்மா முடியாது என்கிறாள். "அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தப் பொம்பளப் பிள்ளயா? நடுக்கடல்ல காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?" நான் அதை யுகாவிடம் சொன்னேன். யுகா, "அம்மாவுக்கு நான் பயந்தாங்கொள்ளியா இருந்தாதான் நிம்மதி" என்றாள். அதை பத்மாவிடம் சொன்னேன். பத்மா தட்டைத் தூக்கிச் சிங்கில் போட்டாள். அப்போது அவள் சொன்னதை மறுபடி யுகாவிடம் போய்ச் சொன்னேன். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து அறைக்கு.

என் அம்மா உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். அம்மாவுக்கும் பத்மாவுக்கும் ஆகாது. நடுவில் நான். பத்மா அப்போதே கேட்பாள், "உங்கம்மா சொன்னத சொல்லிட்டீங்க, நான் சொன்னதயும் போய் சொல்லிருவீங்க. நீங்க என்னதாங்க சொல்றீங்க?" என்று. நியாயமாக இருக்க வேண்டாமா, தங்கச்சி? ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அப்புறம் யார் என்னை நம்புவார்கள்?

அந்த மனிதர் இன்னும் வெளியே வரவில்லை. எனக்கு முன்னால் போனவர், பத்திரிகையில் மொழிபெயர்க்கிறவராம். நேரமாகிறது. நேரமானால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. என்னைப் போன தடவை சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை பயிற்சி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். யுகாதான் பழக்கினாள். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பத்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் ரோஸ்னா மாதிரி குரலை மாற்றி மலாயில் கேட்பாள். "என்சிக் குணாளன், உங்கள் கருத்து?" நான் வாயைத் திறந்தால், "கருத்து என்னவென்று..." என்று தானாக வந்துவிடும். அவள் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். "அப்பா! மொழிபெயர்க்காதீங்க! சொல்லுங்க!" இரண்டு பேரும் சிரிப்போம். மெல்ல மெல்லப் பழகிவிட்டது. 'என் கருத்துப்படி' என்று தொடங்க வேண்டும், அதற்கப்புறம் நிறுத்தாமல் போய்விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவள், கண்ணாடியைக் கழற்றாமல், அதே குரலில் கேட்டாள்: "அடுத்த கேள்வி, என்சிக் குணாளன். உங்கள் மகள் கப்பலுக்குப் போகலாமா? உங்கள் கருத்து என்ன?"

நான் சொன்னேன், "அம்மா பயப்படுகிறாள்."

"அது அம்மாவோட கருத்து."

"நீ போக ஆசைப்படுகிறாய்."

"அது என்னோடது."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பத்மா திரும்பவே இல்லை, ஆனால் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். நான், "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்றேன். யுகா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பெயில், அப்பா" என்றாள். சிரிக்கவில்லை. எழுந்து அறைக்குப் போய்விட்டாள். பயிற்சி பாதியிலேயே நின்றுவிட்டது. பரீட்சைக்கு முதல் நாள் அப்படிச் செய்யலாமா?

காலையில் நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். "அப்பா, நீங்க வேணாம்னு சொன்னாலும் சரி, கேட்டுக்கிறேன். போகச் சொன்னாலும் சரி. ஆனா நீங்க சொல்லணும்" என்றாள். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

இந்தப் பையா? ஒன்றும் இல்லை. கம்பளிக் காலுறை. வரும் வழியில் வாங்கினேன். சும்மா, தள்ளுபடியில் போட்டிருந்தான். தடிமனாக இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். ஈப்போ வெயிலில் யாருக்குக் கம்பளி என்கிறீர்களா? எனக்கு இல்லை, அளவு சின்னது. போன வாரம் ஒரு காதுமூடிக் குல்லாவும் கிடைத்தது, அது காரில் இருக்கிறது. வடக்கு அட்லாண்டிக்கில் இந்த மாதங்களில் காற்று எலும்பைத் துளைக்குமாம், எங்கோ படித்தேன். எஞ்சின் அறைக்குள் கொதிக்கும், மேல்தளத்துக்கு வந்தால் உறையும். இரண்டுக்கும் ஏற்ற மாதிரி உடுப்பு கிடைப்பதில்லை. தேடிப் பார்த்தேன்.

நான் எங்கே முடிவு செய்தேன்? காலுறைதானே வாங்கினேன்.

நீங்கள் என்ன, அந்த டாக்டர் மாதிரியே கேட்கிறீர்கள்.

சரி, உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அந்த வாக்கியம், 'ஒரு மாதிரி பாத்தாரு.' எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. அந்த வாக்கியத்தை எத்தனையோ பெண்கள் என் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்கள். லாயர் தூரத்தில் நிற்பார், மாஜிஸ்திரேட் மேலே இருப்பார். சாட்சிக் கூண்டுக்கு ஒட்டி நிற்பவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லும்போது அவர்கள் மூச்சு எப்படி அறுந்து அறுந்து வரும் என்பது எனக்குத்தான் கேட்கும். அந்த மூன்று மொழிபெயர்ப்பும் சரியில்லை, தங்கச்சி. மூன்றிலும் பார்வை இருக்கிறது, பயம் இல்லை. அதுதான் என் கருத்து.

இதை ஏன் போன தடவை சொல்லவில்லை என்றா? கேட்டார்களே என்றா? ஆமாம், கேட்டார்கள்.

கேட்டார்கள்.

இருங்கள். கதவு திறக்கிறது. பத்திரிகைக்காரர் வெளியே வந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிறார், பாஸா பெயிலா என்று தெரியவில்லை. ஃபாராவும் வருகிறது.

தங்கச்சி, உள்ளே மலாயில் பேச விருப்பமா, தமிழில் பேச விருப்பமா என்று ஃபாரா கேட்கிறது.

சொல்லுங்கள். எதுவானாலும் பரவாயில்லை, நீங்கள் சொன்னால் நான் ஃபாராவிடம் சொல்லிவிடுகிறேன். ஃபாரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். கோர்ட்டிலும் அப்படித்தான், எல்லாரும் சாட்சியை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத்தான் கேட்பார்கள். சொல்லுங்கள், தமிழா, மலாயா?

என்ன?

யாருக்கு?

...

எனக்கா.

என் அறைக் கதவுதான். ஆமாம். உங்கள் கதவு அது.

மன்னிக்கணும். ஒரு நிமிஷம்.

தமிழில். ஃபாராவிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தமிழில் பேசத்தான் விருப்பம் என்று. தலையாட்டிவிட்டது, பார்த்தீர்களா, அவ்வளவுதான்.

போனை உள்ளே கொண்டு போகக்கூடாதாம். மறுபடியும் நடுங்குகிறது, பாருங்கள், அவள்தான். தங்கச்சி, ஒரு உதவி செய்யுங்கள். இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே போனதும் எடுத்து, அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லுங்கள். என்ன சொல்வது என்றால்...

இல்லை. கொடுங்கள்.

கொடுங்கள் தங்கச்சி, நானே சொல்லிக்கொள்கிறேன். ஃபாராவிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்... வேண்டாம், அதையும் நானே சொல்கிறேன். சொல்லிவிட்டேன். டாக்டர் ரோஸ்னா உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

ஹலோ. யுகா? அப்பாதான்.

அம்மா சொன்னது இருக்கட்டும்மா. நான் சொல்றேன், கேளு.